கோரஸ் அண்ணி

அண்ணியின் பாட்டு நோட்டில் பாட்டு இருக்காது. பழுப்பு அட்டை போட்டு, பின்பக்கம் வாய்ப்பாடு அச்சடித்த நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு அது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'ஆ' என்று ஒரே எழுத்து. அதன் பின்னால் நீளமாக ஒரு கோடு. அதற்குக் கீழே '8 சும்மா'. பிறகு 'ல ல லா, ல ல லா'. மறுபடியும் '16 சும்மா'. 'ஓ, மெதுவா', 'பெரியக்கா தலையாட்டினதும் நிறுத்து' என்று ஓரத்தில் குறிப்புகள். சும்மா என்றால் அத்தனை தாளத்துக்கு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பொருள். அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், சினிமாப் பாட்டெல்லாம் எழுதி வைத்திருப்பார் என்ற ஆசையில் அதைத் திறந்து பார்த்து ஏமாந்துபோனேன். அப்பாவும் ஒருநாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதைப் புரட்டினார்.

"இன்னாம்மா இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதின மாதிரி இருக்குது?"

"அதான் மாமா என் வேலை. முக்கால்வாசி நேரம் சும்மா நிக்கறது."

"இதுக்கா அஞ்சு மணி நேரம் பஸ்ல போற?"

"மீதி கால்வாசியைச் சரியா பாடணுமே மாமா" என்றார் அண்ணி. அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் நிலத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் போட்டுவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் அந்தக் கல்யாணம் நடந்தது. அண்ணன் திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அண்ணியின் அம்மாவுக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கத்துக் கிராமம்தான். பிழைக்கப் போய்ச் சைதாப்பேட்டையில் தங்கிவிட்ட குடும்பம். அண்ணியின் அப்பா ரிக்கார்டிங்குகளில் தபலா வாசித்தவர். பதினேழு வயதில் மகளை அழைத்துப்போய்க் கோரஸ் பெண்கள் வரிசையில் நிறுத்தினார். பெண் பார்க்கப் போனபோது அண்ணி, "கல்யாணத்துக்கு அப்புறமும் பாடப் போவேன், அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். எங்கள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முடிவெடுக்க வேண்டியவர் அப்பா. சினிமாவில் பாடும் பெண்ணா என்று உறவினர்கள் காதைக் கடித்தார்கள். அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம கழனில நாத்து நடற பொம்பளைங்க எட்டுப் பேரு சேந்து பாடறாங்களே, அந்த மாதிரிதானேம்மா?" என்றார். "அதே மாதிரிதாங்க" என்றார் அண்ணி. அத்துடன் பேச்சு முடிந்துவிட்டது.

திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. எதிரே இருந்த மருந்துக்கடையில்தான் அந்தத் தெருவுக்கே ஒரு போன். ரிக்கார்டிங் இருந்தால் முதல்நாள் காலையில் அங்கே தகவல் வரும். கடைக்காரர் வாசலில் நின்று, "கோரஸம்மா, நாளைக்குக் காலைல ஏழு மணியாம்!" என்று குரல் கொடுப்பார். அண்ணி அரைத்த மாவை அப்படியே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுப்பார். பட்டுப்புடவை கட்டமாட்டார், அது சரசரப்பது மைக்கில் விழும் என்பதால். கண்ணாடி வளையலைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். கொலுசு போட்டதே கிடையாது. ஆனால் தொண்டையைப் பற்றி மட்டும் அவருக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. ஊறுகாய், ஐஸ், மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் எல்லாம் உண்டு. "தனியா பாடறவங்களுக்குத்தான் பாப்பா அந்தப் பத்தியமெல்லாம்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் நான் பாப்பா, அவருக்கும் அப்படித்தான்.

தெருவில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, அதைவிட ஜாஸ்தியாகச் சந்தேகமும் இருந்தது. ரேடியோவில் பாட்டு ஓடும்போது பூக்கட்டும் அம்மாள் வந்து, "இதுல நீ எங்கம்மா பாடற?" என்று கேட்பார். அண்ணி ஆட்டுக்கல்லில் மாவைத் தள்ளிக்கொண்டே இடது கை விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவார். எண்ணி முடித்த அந்த நொடியில் ரேடியோவிலிருந்து ஒரு 'ஆ' எழும்பும். கூடவே அண்ணியின் வாயிலிருந்தும் அதே 'ஆ'. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூக்காரம்மாளுக்குத் திருப்தி இருக்காது. "எல்லாரும் சேந்துல்ல பாடறாங்க, உன் குரலு தனியா கேக்கலியே" என்பார். "கேக்கக் கூடாதும்மா. கேட்டா என்னை அனுப்பிடுவாங்க" என்று சிரிப்பார் அண்ணி. யார் வீட்டு விசேஷத்திலாவது தனியாகப் பாடச் சொன்னால், "நீங்க ஆரம்பிங்க, நான் சேந்துக்கறேன்" என்பார். எனக்கு அது தன்னடக்கம் என்று தோன்றியது. கொஞ்சம் கோழைத்தனமோ என்றும் தோன்றியது. இரண்டுமே இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதற்குள் நான் ஒரு பெரிய தவறையும் செய்துவிட்டேன்.

அப்போது நான் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒரு விடுமுறையில்தான் அண்ணி என்னையும் சென்னைக்கு அழைத்துப்போனார். அண்ணனின் பஸ்ஸிலேயே போனோம். மறுநாள் காலை அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது முதலில் எனக்குப் பட்டது அதன் அமைதிதான். ஐம்பது பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தும் ஒரு நாற்காலி முனகும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. ஒரு மைக்கைச் சுற்றி ஆறு பெண்கள் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் நின்றவரைத்தான் எல்லோரும் பெரியக்கா என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். யார் முன்னால் நிற்பது, யார் அரையடி பின்னால் போவது, யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்பதெல்லாம் அவர் கையசைவில்தான் நடந்தது. அண்ணி இடமிருந்து இரண்டாவது. அவர்கள் வாயைத் திறந்தபோது ஆறு வாய்கள் அசைவதைக் கண் பார்த்தது, காதில் விழுந்ததோ ஒரே குரல். யாருடையது என்று சொல்ல முடியாத, ஆறு பேரில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஏழாவது குரல் அது. சுவரோரம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டின் நடுவில் ஒரு பெண் தனியாகப் பாட வேண்டிய நான்கு வரிகள் இருந்தன. அதைப் பாட வேண்டிய பாடகிக்கு அன்று காய்ச்சல். அவர் புகழ்பெற்றவர், பெயரைச் சொன்னால் அப்போது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டதால் வேலையை நிறுத்த முடியாது. "யாராவது ஒருத்தர் இப்போதைக்குப் பாடி வைங்க, அவங்க அப்புறம் வந்து பாடிக்கட்டும்" என்று ஒலிபெருக்கியில் இசையமைப்பாளரின் குரல் வந்தது. பெரியக்கா திரும்பிப் பார்த்து, அண்ணியின் முதுகில் கைவைத்து லேசாக முன்னால் தள்ளினார்.

அண்ணி அந்த நான்கு வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டார். முதன்முறையாக அந்த நோட்டில் பாட்டின் சொற்கள் ஏறின. இரண்டு முறை ஒத்திகை, மூன்றாவது டேக். முதல் இரண்டு வரிகள் சமவெளியில் நடப்பதுபோலப் போயின. மூன்றாவது வரி மேலே ஏறி, அங்கேயே ஒரு கணம் நின்று, படிப்படியாக இறங்க வேண்டும். அண்ணி ஏறினார், நின்றார். நிற்க வேண்டியதைவிட இம்மியளவு கூடுதலாக நின்றுவிட்டு, யாரையோ எழுப்பிவிடாமல் நடப்பதுபோல இறங்கினார். ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். வயலின்காரர் ஒருவர் வில்லால் மேசையை மெல்லத் தட்டினார். ஒலிபெருக்கியில், "நல்லா இருக்கேம்மா, இதையே வச்சுக்கலாம் போல இருக்கே" என்று வந்தது.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது, எனக்கு. பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செஞ்சிக் கோட்டை தெரிய ஆரம்பித்தபோது, "வச்சுக்க மாட்டாங்க பாப்பா. பேச்சுக்குச் சொல்றது" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஊருக்கு வந்ததும் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், பூக்காரம்மாளிடம் சொன்னேன், வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் அண்ணி தனியாகப் பாடிய பாட்டு வரப்போகிறது என்று தெரியாதவர் யாரும் இல்லை.

அடுத்த மாதம் வேறொரு ரிக்கார்டிங்குக்குப் போய்விட்டு வந்த அண்ணி, வழக்கம்போலப் பையைக் கீழே வைத்தார், வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டார், சோறு வடித்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு" என்றார். மறுநாள் அலமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்த நோட்டு கையில் பட்டது. நான்கு வரிகள் இருந்த பக்கத்தின் குறுக்கே, ஸ்கேல் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருந்தார். அந்தப் பாடகி வந்து பாடிவிட்டார் என்று புரிந்தது. கோபத்தில் கிறுக்கியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கோடு அவ்வளவு நேராக இருந்தது.

நான் செய்தது இதுதான். ஒரு மத்தியானம் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, இசையமைப்பாளரின் முகவரிக்கு அண்ணி எழுதுவதுபோல ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். என் கைக்குத் தெரிந்தது ஒரே நடைதான். 'மேற்படி பாடலில் மேற்படி நான்கு வரிகளை நான் பாடியது தாங்கள் அறிந்ததே' என்று ஆரம்பித்து, குரலுக்குரிய உரிமை, உழைப்புக்குரிய உரிமை என்று வளர்த்து, இனியாவது தனியாகப் பாட வாய்ப்பளிக்கும்படி கேட்டு முடித்தேன். மேசைமேல் இருந்தது கோர்ட்டுக்குப் போகும் நீளத்தாள், அதையே உபயோகித்தேன். கடைசியில் அண்ணியின் பெயரைக் கையெழுத்தாக நானே போட்டேன். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது என்ன காரியம் என்று அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்த பெண்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தும் போட்டேன். அன்பினால் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவெல்லாம் சொல்லித் திரிந்த என் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்பதும் அதில் பாதி இருந்தது.

அதன்பின் மருந்துக்கடை போன் எங்களுக்காக அடிக்கவில்லை.

முதல் மாதம் அண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை. படங்கள் கம்மியாக இருக்கும் காலம் என்றார். இரண்டாவது மாதம் போன் சரியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வந்தார். மூன்றாவது மாதத்தில் குளிக்கும்போதும் கூட்டும்போதும் சின்னக் குரலில் ஸ்வரம் பாடிப் பார்க்கத் தொடங்கினார். தன் குரலுக்கு ஏதோ ஆகிவிட்டது, தனக்குத் தெரியாமல் சுருதி விலகுகிறது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "என் குரல் ஒடஞ்சிருக்கா? சும்மா சொல்லுங்க" என்று அண்ணனிடம் கேட்டார். "எனக்கு டபுள் விசில் சத்தம்தான் தெரியும், என்னைக் கேட்டா?" என்று அண்ணன் சமாளித்தார். பிறகு என்னிடம் தனியாக, "விட்டுடச் சொல்லேன் பாப்பா. மூஞ்சியைப் பாக்க முடியல" என்றார். அந்தக் கடிதத்துக்கும் இதற்கும் முடிச்சுப்போட என் மனம் துணியவில்லை. ஊறுகாய் ஜாடியை அண்ணி மேல்தட்டில் தூக்கி வைத்ததைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஆறாவது மாதம் ஒரு பௌர்ணமிக்கு, அண்ணியோடு கோரஸ் பாடும் தோழி ஒருவர் மலை சுற்ற வந்தார். இப்போதுபோல அப்போது பௌர்ணமிக்கு இத்தனை ஜனம் கிடையாது. மாலை நாலு மணிக்குக் கிளம்பி நாங்கள் மூவரும் நடந்தோம். தோழி முதலில் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் கேட்டார்.

"நீ ஏண்டி அந்த நோட்டீஸை அனுப்பின?"

"எந்த நோட்டீஸு?"

"வக்கீல் நோட்டீஸு. டைப் அடிச்சு, இத்தா நீளத்துக்கு. உரிமை, அது இதுன்னு. மியூசிக் டைரக்டரோட அசிஸ்டெண்ட் அதைக் கொண்டாந்து பெரியக்கா மூஞ்சில நீட்டி, 'உங்க பொம்பளைங்க கேஸு போடறாங்க'ன்னு கேட்டான். ரெண்டு மாசம் எங்க ஆறு பேரையுமே கூப்பிடல, தெரியுமா? பெரியக்கா போய்க் கெஞ்சிக் கூத்தாடி அப்புறம்தான் அஞ்சு பேருக்கு வேலை வந்துச்சு."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. டைப் அடித்தது என்ற சொல் அவருக்குப் போதும். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, தப்புப் பண்ணிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. உங்களுக்கெல்லாம் வேலை போகும்னு நெனைக்கல" என்றார். மீதி மலையையும் சுற்றி முடித்தோம்.

தோழி ஊருக்குப் போன மறுநாள் அண்ணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கார்பன் காப்பி வச்சிருக்கியா?" என்பது. வைத்திருந்தேன். எடுத்துக்கொடுத்தேன். அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"நல்லாதான் எழுதியிருக்க. உரிமைன்னு நாலு எடத்துல வருது" என்றார். கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. தாளை மடித்தார். "எல்லாம் சரி பாப்பா. 'அண்ணி, உங்களுக்கு இது வேணுமா'ன்னு ஒரு வாட்டி என்னைக் கேட்டியா?"

நான் அழுதேன். அவர் அழவிட்டார். சமாதானம் சொல்ல வரவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்ததும் எழுந்து போனார். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. அந்த வீட்டில் அவர் வந்த பிறகு அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வாரமே பெரியக்காவைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தேன். கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. பெரியக்கா முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று கண்ணால் காட்டினார். அண்ணி ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கடிதத்தை எழுதினது நான். கையெழுத்தும் நான்தான் போட்டேன். அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியும்" என்றார் பெரியக்கா, பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவ கையெழுத்து எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா இவ நோட்டைப் பாக்கறேன்."

எனக்குத் திகைப்பாக இருந்தது. "அப்புறம் ஏன் அண்ணியைக் கூப்பிடாம இருந்தீங்க?"

"எழுதினது யாரா இருந்தா என்னம்மா. இவ மனசுல இருந்ததைத்தானே எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்படி ஒண்ணை உள்ள வச்சிக்கிட்டு வந்து நின்னா குரல் தனியா துருத்திக்கிட்டுத் தெரியும். மத்த அஞ்சு பேரும் கெடுவாங்க." இப்போதுதான் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "நீயே சொல்லு. அந்த நாலு வரி வேணும்னு இருந்துச்சா, இல்லியா?"

இல்லை என்றுதான் அண்ணி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடமாக எங்களிடம் சொல்லிவந்தது அதைத்தானே. அண்ணி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"இருந்துச்சுக்கா" என்றார். "வேணாம்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். இருந்துச்சு. இப்பவும் இருக்குது."

பெரியக்கா முறத்தைக் கீழே வைத்தார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஆறு வரி" என்றார். "இருவது வருஷம் ஆச்சு. பாடி முடிச்சு, எல்லாரும் கை தட்டி, அப்புறம் வேற ஒருத்தங்க பாடினாங்க. இன்னும் வரி வரியா ஞாபகம் இருக்குது."

அதற்குப் பிறகு மூவரும் என்ன பேசினோம் என்பது நினைவில்லை. பெரியக்கா காப்பி கலந்து கொடுத்தது நினைவிருக்கிறது. கிளம்பும்போது மாடிப்படி வரை வந்து, "புதன்கிழமை ஏழு மணிக்கு வா. கொஞ்ச நாளைக்குப் பின்னால நில்லு" என்றார். கீழே தெருவுக்கு வந்ததும் அண்ணி நின்று, ஒரு பெட்டிக்கடையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பின்னால் நிற்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. ஏழெட்டு மாதம் பின்வரிசையில் நின்று பாடினார். பிறகு பழையபடி இடமிருந்து இரண்டாவது. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. முன்பெல்லாம் தனியாகப் பாடச் சொன்னால் சிரித்து மழுப்புவார். இப்போது, "ஆசைதான், ஆனா எனக்கு அந்த எடம் கெடைக்கல. கெடைச்ச எடம் நல்ல எடம்" என்று நேராகவே சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சுளிப்பு எதுவும் இருக்காது. ஆசை இருப்பதும், அது கிடைக்காததும், கிடைத்த வேலையை முழு மனதோடு செய்வதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்று அவரைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை, ஆசையை ஜெயிக்க வேண்டும் அல்லது கொன்றுவிட வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தப் படம் வெளிவர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அது வந்தபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணிதான் வந்து, "ஞாயித்துக்கெழமை மேட்னிக்கு எல்லாரும் போறோம். மாமா, நீங்களும்" என்றார். அப்பா சினிமாவுக்குப் போனதே கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு வந்தது. புகழ்பெற்ற அந்தக் குரல் நான்கு வரிகளையும் பாடியது. அண்ணி தலையை ஒரு பக்கம் சாய்த்து, பரீட்சைத்தாள் திருத்துகிறவரைப்போலக் கவனமாகக் கேட்டார்.

"இது நீ இல்லியே?" என்றார் அப்பா உரக்க.

"இல்ல மாமா. இவங்க பெரிய பாடகி."

"அப்ப நீ எங்க?"

"இருங்க, வருவேன்." அண்ணியின் விரல்கள் முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணி முடிந்ததும், கொட்டகையின் தகரக் கூரைவரை அந்த 'ஆ' எழும்பியது. "இதோ. நாங்க ஆறு பேரு."

அப்பா முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அது அடங்கியதும், "ஆறு பேரா? ஒரே ஆளு மாதிரி இல்ல இருக்குது!" என்றார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். திரையின் வெளிச்சத்தில் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் அன்று அந்தப் பாராட்டு வந்தபோதுகூட அது இப்படி மலர்ந்திருக்கவில்லை.

படம் விட்டு வெளியே வந்து கோபுர வாசல் வழியாக நடந்தோம். அப்பாவும் அண்ணனும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணி என் கையை இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காதருகே வந்தார்.

"பாப்பா, நீ அன்னைக்கு அங்க இருந்த இல்ல. உண்மையைச் சொல்லு. மூணாவது வரி நான்தானே நல்லா பாடினேன்?"

"ஆமாம் அண்ணி" என்றேன். அது உண்மை.

"அதான். மத்த மூணும் அவங்க நல்லா பாடியிருக்காங்க. மூணாவது மட்டும்" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எண்பதுகள் முடியும்வரை அண்ணி பாடப் போனார். பெரியக்கா ஓய்ந்த பிறகு மூன்று வருடம் அவரே நடுவில் நின்று மற்றவர்களுக்குத் தலையாட்டினார். பிறகு எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரமாயிற்று. வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகம் வந்தது, அந்தப் பக்கமே அண்ணனும் வீடு கட்டினார். இன்று அண்ணனும் அப்பாவும் இல்லை. அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் குடும்பத்தோடு அந்த வீட்டில் இருக்கிறார். வாரம் ஒருமுறை ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அவரோடு ஒரு மத்தியானத்தைக் கழித்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் போயிருந்தபோது அவருடைய பேரன் தன் போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டான். இப்போது எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நாங்கள் இருவரும் இரண்டு முறை கேட்டோம். அந்தப் பாடகி மூன்றாவது வரியில் ஏறி, சரியான அளவு நின்று, அழகாக இறங்கினார். அன்று அந்தக் கூடத்தில் பாடப்பட்ட மற்றொரு மூன்றாவது வரியை எந்தப் போனிலும் தேடி எடுக்க முடியாது. அதைக் கேட்டவர்களில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

"நீங்க ஒரு வாட்டி பாடுங்க அண்ணி" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏறினார். குரல் நடுவழியில் பிசிறியது. மேலே நிற்க மூச்சுப் போதவில்லை. இருந்தும் அங்கே இம்மியளவு கூடுதலாகத்தான் நின்றார். இறங்கி முடித்தபின் சற்று நேரம் தன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பவர்போல இருந்தார்.

"இப்ப அவங்களுதுதான் நல்லா இருக்குது" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் அண்ணி" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, காப்பி கலக்க எழுந்துபோனார்.